மனநோய் மருத்துவர் ஃபிரான்ட்ஸ் ஃபனான்

கறுப்பின மக்களின் விடுதலை வரலாற்றைப் பயில்வோர் ஃபிரான்ட்ஸ் ஃபனான் அவர்களைப் போராளியாகவும் நூலாசிரியராகவுமே பெரிதும் அறிவர். தொழிலால் அவர் மனநோய் மருத்துவர் என்பதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. நாம் இங்கு எழுதப் புகுவது அந்த மருத்துவரைப் பற்றியே.

கரிபியக் கடலில் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட மார்த்தினிக் தீவில், 1925ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 20ஆம் நாள் அவர் பிறந்தார். ஆப்பிரிக்காவினின்று அடிமைகளாகக் கொணரப்பட்டோரின் வழிவந்த குடும்பம். தந்தையார் சுங்க அலுவலர். தாயார் கடை நடத்தினார். இரண்டாம் உலகப்போரில் தாமே முன்வந்து பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, இட்லரின் படையை எதிர்த்துப் போரிட்டுக் காயமுற்றுப் பதக்கமும் பெற்றார். ஆயின், தாம் காக்கச் சென்ற நாட்டின் படையிலேயே தோலின் நிறத்தால் மேல் கீழ் வகுக்கப்பட்டிருந்ததை அங்குக் கண்டார்.

போர் முடிந்தபின் லியோன் நகரில் மருத்துவம் பயின்றார். நிறவேற்றுமை மனத்தில் உண்டாக்கும் புண்ணைப் பற்றி ஒரு நூல் எழுதி, அதனையே பட்ட ஆய்வாக அளிக்க விரும்பினார். பல்கலைக்கழகம் அதனை ஏற்கவில்லை. பரம்பரை நரம்பு நோய் ஒன்றைப் பற்றி வேறோர் ஆய்வு எழுதி 1951இல் பட்டம் பெற்றார். மறுக்கப்பட்ட எழுத்து 1952இல் ‘கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்’ என்னும் பொருள்படும் தலைப்பில் நூலாகி உலகப் புகழ் எய்தியது. எந்தப் பட்ட ஆய்வுக்கு இத்தகைய பேறு வாய்த்தது!

அதே ஆண்டில் அவர் எழுதிய கட்டுரை ஒன்று, பிரெஞ்சு நகரங்களில் கூலிவேலை செய்த வட ஆப்பிரிக்கத் தொழிலாளரைப் பற்றியது. உடலெங்கும் வலி என்று அவர்கள் மருத்துவமனைக்கு வருவர். சோதித்தால் நோய்க்குறி ஒன்றும் தென்படாது. உடனே இவன் நடிக்கிறான், சோம்பேறி என்று தீர்ப்பு எழுதப்படும். அவன் எங்குத் தங்குகிறான், யாரைப் பிரிந்து வந்தான், தெருவில் எத்தகைய பார்வைகளைத் தாங்குகிறான் என்று கேட்பாரில்லை. நோயாளி வாய் திறக்குமுன்னே மருத்துவர் முடிவு செய்துவிடுகிறார் என்பதே ஃபனானின் குற்றச்சாட்டு.

இப்பழக்கம் புதியதன்று. 1851இல் அமெரிக்காவின் தென்மாநில மருத்துவர் கார்ட்ரைட் என்பவர், அடிமைகள் தப்பியோடுவதையே ஒரு மனநோயாகப் பெயரிட்டு எழுதினார். அல்ஜீரியாவில் பொரோ என்னும் பேராசிரியரின் வழிவந்தோர் அந்நாட்டு மக்களின் மூளை வளர்ச்சியே குறையுடையது எனக் கற்பித்தனர். 1953இல் உலக நலவாழ்வு நிறுவனம் வெளியிட்ட நூலிலேயே, கென்யாவில் பணியாற்றிய கரோதர்சு, ஆப்பிரிக்கரை மூளை அறுவை செய்யப்பெற்ற ஐரோப்பியரோடு ஒப்பிட்டார். இவையெல்லாம் அறிவியல் என்றே விற்கப்பட்டன.

1953 நவம்பரில் ஃபனான் அல்ஜியர்சுக்கு அருகிலுள்ள பிளிடா மனநோய் மருத்துவமனையில் பொறுப்பேற்றார். அவர்தம் பொறுப்பில் ஐரோப்பியப் பெண்டிர் 165 பேரும் இசுலாமிய ஆடவர் 220 பேரும் தனித்தனிக் கூடங்களில் இருந்தனர். நோயாளிகளை அடைத்து வைத்தலை விடுத்து, அவர்கள் கூடி வாழும் சமூகமாக மருத்துவமனையை ஆக்கவேண்டும் என்னும் முறையை அவர் பிரான்சில் தோசுக்கேய் என்னும் மருத்துவரிடம் கற்றிருந்தார். அம்முறையை இரு கூடங்களிலும் தொடங்கினார். பெண்டிர் கூடம் சில வாரங்களிலேயே உயிர்பெற்றது. திரைப்படம், இசை, தையல், கிறித்துமசு விழா என யாவும் நடந்தன. ஆடவர் கூடத்திலோ ஒன்றும் பயன் தரவில்லை. கூட்டத்திற்கு வந்தவர் வாளாவிருந்தனர்; கூடை முடையச் சொன்னால் எழுந்து போயினர்; பத்திரிகையைத் தொடுவாரில்லை. நெடுநாள் பணியாளர்கள், இம்மக்களை நீங்கள் இன்னும் அறியவில்லை என்று இளம் மருத்துவரிடம் கூறினர்.

பொரோவின் மாணவராயின் நோயாளிகளின் மூளையைக் குறை கூறியிருப்பார். ஃபனானும் அவர்தம் உதவி மருத்துவர் அசுலேயும் தங்கள் முறையையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினர். கூடை முடைதல் அங்குப் பெண்டிர் தொழில். நோயாளிகளுள் எழுதப் படிக்கத் தெரிந்தவர் மிகச் சிலரே. பத்திரிகை அவர்களுக்கு எதற்கு? பாட்டுப் பாடுதல் அதற்கெனத் தொழில் கொண்டவர் செயல். மருத்துவர்க்கோ அவர்கள் மொழி தெரியாது. இடையில் நின்ற மொழிபெயர்ப்பாளரைக் கண்டதும் நீதிமன்றமும் அரசு அலுவலகமும் நினைவுக்கு வர, நோயாளியின் நெஞ்சம் மூடிக்கொண்டது.

குறை தெரிந்தபின் மாற்றமும் வந்தது. ஊரில் ஆடவர் அமர்ந்து பேசுவது போன்ற காப்பிக்கடை ஒன்று மருத்துவமனைக்குள் திறக்கப்பட்டது. இசுலாமியப் பெருநாள்கள் கொண்டாடப்பட்டன. கதைசொல்லி வந்து கதை சொன்னார். நிலமிழந்த உழவரும் பண்ணைக் கூலிகளுமாகிய அவர்கள் கையில் மண்வெட்டியைத் தந்தபோது, ஏவுவார் இன்றியே மண்ணைக் கொத்தினர். காற்பந்துத் திடலும் எழுந்தது.

பின்னர் 1956இல் மற்றொரு பாடம். படத்தைக் காட்டிக் கதை சொல்லக் கேட்டு மனத்தை அளக்கும் சோதனையில் இசுலாமியப் பெண்டிர் தோற்றனர். படங்களில் இருந்த வீடும் உடையும் மாந்தரும் மேலைநாட்டினவாய் இருந்தமையே காரணம் என்றும், படமின்றிக் கேட்டபோது அவர்கள் தடையின்றிக் கற்பனை செய்தனர் என்றும் ஃபனான் காட்டினார்.

அவரைக் குறையற்றவர் என நாம் கூறவில்லை. மின்னதிர்ச்சி, இன்சுலின் முதலிய அக்கால மருத்துவங்களை அவரும் கையாண்டார். காப்பிக்கடை திறந்துவிட்டால் அடிமைநாட்டில் மனம் நலமுறும் என்று அவரும் நம்பவில்லை. 1954 நவம்பரில் விடுதலைப் போர் மூண்டபின், சித்திரவதைக்கு ஆளானோரையும் சித்திரவதை செய்த காவலரையும் ஒருங்கே அவர் குணப்படுத்த வேண்டியதாயிற்று. 1956இன் இறுதியில் பதவியைத் துறந்தார். 1957 சனவரியில் நாடு கடத்தப்பட்டார். துனிசு நகரில், நோயாளி காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் பகல் மருத்துவமனையை நடத்தினார். குடும்பத்தையும் தொழிலையும் விட்டுப் பிரிக்காத மருத்துவம் அது.

நைசீரியாவில் லாம்போ என்னும் கறுப்பின மருத்துவர், அபேயொகுட்டா அருகே ஆரோவில், 1954 முதலே நோயாளிகளை உறவினரோடு சிற்றூர்களில் தங்கவைத்து, நாட்டு மருத்துவரின் துணையையும் கொண்டார். இருவரும் வெவ்வேறு வழியில் ஒரே இடத்தை அடைந்தனர். ஆயினும் 2020க்குப் பின்னரும் இங்கிலாந்தின் அரசுக் கணக்குகள், மனநலச் சட்டத்தின்கீழ்க் கட்டாயமாக அடைக்கப்படும் வீதம் வெள்ளையரைக் காட்டிலும் கறுப்பினத்தவரிடையே மூன்று மடங்குக்கும் மேலெனக் காட்டின.

வெண்குருதிப் புற்றுநோயுற்ற ஃபனான், தம் இறுதி நூலை விரைந்து முடித்து, 1961 டிசம்பர் 6ஆம் நாள் அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் உயிர் நீத்தார். அகவை 36. அந்நூலின் இறுதி இயல்களுள் ஒன்று, அவர் பார்த்த மனநோயாளிகளின் வரலாறுகளைக் கூறுவது. விடுதலைப் படையினர் அவருடலை எல்லை கடந்து சுமந்துசென்று அல்ஜீரிய மண்ணில் அடக்கம் செய்தனர். ஏழு திங்களில் அந்நாடு விடுதலை பெற்றது. பிளிடா மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.