ஒரு கேள்வி... இரண்டு பதில்! மகாவீரர் காட்டிய வழி

சித்தன்னவாசல் போனால் ஓவியத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிடாதீங்க. மலைமேல் ஏழடிப்பட்டம் குகைக்கும் ஏறுங்க. உள்ளே வழவழப்பாகச் செதுக்கிய 17 கல் படுக்கைகள். தலைமாட்டில் தலையணை மாதிரி மேடு. ஒரு படுக்கையில், சுமார் 2,000 ஆண்டுகள் பழைமையான தமிழ் பிராமி எழுத்து. வீடு, உறவு, உடைமை எல்லாவற்றையும் விட்டு வந்த சமணத் துறவிகள் படுத்த இடம் இது. அவர்களை இந்தக் கல்லுக்குக் கொண்டுவந்தது எது? விடை தெரிய மகாவீரரின் கதைக்குள் போகணும்.

மரபுக் கணக்குப்படி கி.மு. 599-ல் வைசாலிக்கு அருகே குண்டகிராமத்தில் பிறந்தவர். அப்பா சித்தார்த்தர், அம்மா திரிசலை. வைத்த பெயர் வர்த்தமானர். அவருக்குத் திருமணம் ஆனது என்கிறார்கள் சுவேதாம்பரர்கள். ஆகவே இல்லை என்கிறார்கள் திகம்பரர்கள். 30 வயதில் அரண்மனை வாழ்க்கையை உதறிவிட்டுக் கிளம்பினார் என்பதில் இருவருக்கும் சண்டையில்லை.

உலகம் முழுக்கப் பெரிய கேள்விகள் பிறந்த காலம் அது. கிரேக்கத்தில் தேலீஸ், எல்லாவற்றுக்கும் மூலம் தண்ணீர் என்றார். கங்கைச் சமவெளியில் புத்தர் ஒரு பக்கம், எல்லாம் விதிப்படியே என்ற ஆசீவகர் மற்கலி கோசாலர் இன்னொரு பக்கம். நடுவில், 12 ஆண்டுகளுக்கு மேல் பட்டினியும் மௌனமுமாக அலைந்தார் வர்த்தமானர். 42 வயதில் கேவல ஞானம் கிட்டியது.

அவரை வாதத்தில் தோற்கடிக்கவே வந்தாராம் இந்திரபூதி கௌதமர் என்ற வேத பண்டிதர். உயிர் என்று ஒன்று உண்டா என்ற சந்தேகத்தை யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள் பூட்டி வைத்திருந்தவர். மகாவீரர் அதையே எடுத்துப் பேச, வாதாட வந்தவர் முதல் சீடராகிவிட்டார் என்கிறது சமண மரபு.

இன்னொரு துறவி, உலகத்துக்கு எல்லை உண்டா, இல்லையா என்று கேட்டார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டவர் புத்தர். மகாவீரரோ இரண்டு பதில் சொன்னார். பரப்பில் பார்த்தால் உலகத்துக்கு எல்லை உண்டு. காலத்தில் பார்த்தால் இல்லை. இது மழுப்பல் இல்லைங்க. எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்று முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் முடிவைச் சொல்லும் நேர்மை. பின்னால் வந்த சமண அறிஞர்கள் இதையே ‘அனேகாந்தவாதம்’ என்று பெரிய தத்துவமாக வளர்த்தார்கள்.

30 ஆண்டுகள் ஊர் ஊராக நடந்து போதித்து, 72-வது வயதில் பாவாபுரியில் மறைந்தார். அவர் வழி தெற்கே வந்து, இந்தக் குகையிலும் தங்கியது.

மாமியார் - மருமகள் பேச்சோ, அப்பா - மகன் சண்டையோ, அடுத்த முறை குரல் உயரும்போது, எதிராளி எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறார் என்று ஒரு நிமிஷம் யோசிங்க. உங்கள் முடிவை மாற்றிக்கணும் என்றுகூட இல்லை. அது ஒரு பக்கம்தான் என்று தெரிந்தாலே குரல் தானாக இறங்கும்.