மன்னார்க் கூத்தும் பேராசிரியர் வித்தியானந்தனும்

மன்னாரில் கூத்துக் கொப்பி ஒரு குடும்பச் சொத்து. அண்ணாவியார் அதை றங்குப்பெட்டிக்குள் வைத்துக் காப்பார். அவருக்குப் பின் மகனோ மருமகனோ அதை எடுத்துப் பாடுவார். கோயில் திருநாள் வந்தால் கொப்பி வெளியே வரும். இளையவர்கள் மாதக்கணக்கில் பழகுவார்கள். பிறகு ஓர் இரவு முழுவதும், சில கூத்துகள் இரண்டு இரவுகளும், ஊர் விழித்திருக்கும்.

1990இலும், பின்னர் 2007 முதல் 2009 வரையிலும் மன்னார்ப் பெருநிலத்து ஊர்கள் இடம்பெயர்ந்தபோது வீடுகளோடு கொப்பிகளும் போயின. ஆனால் மன்னார்க் கூத்துகளில் சில அச்சில் இருந்ததால் பிழைத்தன. என்றீக் எம்பரதோர் நாடகம் 1964இலும், மூவிராசாக்கள் நாடகம் 1966இலும், ஞானசௌந்தரி நாடகம் 1967இலும் நூல்களாக வந்தன. மூன்றையும் பதிப்பித்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன்.

வித்தியானந்தன் மன்னாரைச் சேர்ந்தவரல்ல. 1924இல் தெல்லிப்பழையை அடுத்த வீமன்காமத்தில் பிறந்தவர். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தார். அங்கே 1943இல் முதல் தமிழ்ப் பேராசிரியராக வந்த சுவாமி விபுலாநந்தரிடமும், பின்னர் அப்பதவிக்கு வந்த க. கணபதிப்பிள்ளையிடமும் பாடம் கேட்டார். பத்துப்பாட்டை ஆராய்ந்து 1950இல் லண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1954இல் அவருடைய 'தமிழர் சால்பு' வெளிவந்தது. சங்க இலக்கியத்தோடு நின்றிருந்தாலும் அவருக்குப் பெயரும் பதவியும் கிடைத்திருக்கும்.

ஆனால் அவர் மாணவர்களோடு மேடைக்கு வந்தார். 1950களில் தன் ஆசிரியர் கணபதிப்பிள்ளை எழுதிய பேச்சுவழக்கு நாடகங்களைப் பல்கலைக்கழகத்தில் தயாரித்தார். அந்த நாடகங்களில் நடித்தவர்களில் ஒருவர் பிற்காலப் பேராசிரியர் கா. சிவத்தம்பி. ஆசிரியர் எழுத, மாணவர் தயாரிக்க, அவருடைய மாணவர் நடித்தார். ஒரே மேடையில் மூன்று தலைமுறை நின்றது.

1956இல் பேராதனையில் எதிரிவீர சரச்சந்திர சிங்கள மரபு அரங்கிலிருந்து 'மனமே' நாடகத்தை உருவாக்கினார். அது நாடு முழுவதும் பேசப்பட்டது. தமிழருக்கும் அப்படியொரு மரபு உண்டா என்ற கேள்வி எழுந்தது. வித்தியானந்தன் அதற்கான விடையை ஊர்களில் தேடினார். கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராக இருந்தபோது கூத்து வாழ்ந்த பிரதேசங்களுக்குப் போனார். அண்ணாவிமாரை ஒன்றுகூட்டி அவர்களுக்கு மதிப்பளித்தார். பாடசாலைப் பிள்ளைகளிடையே கூத்துப் போட்டிகள் நடக்கச் செய்தார். படித்தவர்கள் கூத்தைப் படிப்பறிவில்லாதவரின் ஆட்டம் என்று ஒதுக்கிய காலம் அது.

அந்தப் பயணங்களில் மன்னாருக்குத் தனி இடம் உண்டு. இங்கே வடபாங்கு, தென்பாங்கு என இரண்டு மரபுகள் இருக்கின்றன. தென்பாங்கை மாதோட்டப் பாங்கு என்றும் சொல்வார்கள். கதைகள் பெரும்பாலும் கத்தோலிக்கருடையவை. எம்பரதோர் என்ற சொல்லே பேரரசனைக் குறிக்கும் போர்த்துக்கீசச் சொல்லிலிருந்து வந்தது. சைவச் சூழலில் வளர்ந்த ஒரு பேராசிரியர் கத்தோலிக்க ஊர்களின் கூத்துகளைத் தமிழரின் பொதுச் சொத்தாகக் கண்டு நூலாக்கியது அந்தக் காலத்தில் சிறிய காரியமல்ல. அதே ஆண்டுகளில் அவர் மன்னார் நாட்டுப் பாடல்களையும் தொகுத்துப் பதிப்பித்தார்.

பேராதனையில் அவர் இளையவர்களைப் பழக்கிய முறையும் கவனிக்கத்தக்கது. கூத்தைத் தானே சொல்லிக்கொடுக்க அவர் முனையவில்லை. மட்டக்களப்பிலிருந்து அண்ணாவியாரை அழைத்து, பல்கலைக்கழக மாணவர்களை அவரிடம் ஆட்டமும் பாட்டும் பழக வைத்தார். விடிய விடிய ஆடும் கூத்தைச் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கி, நகரத்து மேடைக்கு ஏற்ப ஒழுங்கமைப்பதைத் தன் வேலையாக வைத்துக்கொண்டார். கர்ணன் போர் 1962இலும், நொண்டி நாடகம் 1963இலும், இராவணேசன் 1965இலும், வாலிவதை 1968இலும் மேடையேறின.

இராவணேசனின் எழுத்துருவை எழுதியவர் மட்டக்களப்பிலிருந்து வந்த மாணவர் சி. மௌனகுரு. இராவணனாக ஆடியவரும் அவரே. ஒரு மாணவனை நம்பி முழு நாடகத்தையும் ஒப்படைத்ததன் பலன் பல ஆண்டுகளுக்குப் பின் தெரிந்தது. மௌனகுரு பேராசிரியரானார். கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு அதே இராவணேசனைப் பழக்கி மீண்டும் மேடையேற்றினார்.

வித்தியானந்தனின் வழியில் குறை கண்டவர்களும் உண்டு. வட்டக்களரியில் ஊரோடு சேர்ந்து ஆடிய கூத்தைப் படச்சட்ட மேடைக்குள் அடைத்துவிட்டார் என்றார்கள். பெயர் பல்கலைக்கழகத்துக்குப் போனது, அண்ணாவியார் வறுமையிலேயே இருந்தார் என்றும் சொன்னார்கள். இதில் நியாயம் உண்டு. ஆனாலும் கூத்தாடுவது வெட்கத்துக்குரியது என்ற எண்ணத்தை இளையவர் மனதிலிருந்து அகற்றியதில் அவருக்குப் பெரும் பங்கு இருக்கிறது. மன்னாரிலும் முருங்கன் 'குழந்தை' செபமாலை போன்றவர்கள் மரபை விடாமல் புதிய கூத்துகளை எழுதி, இளையவர்களைப் பழக்கி மேடையேற்றினார்கள்.

1974 ஜனவரியில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை யாழ்ப்பாணத்தில் நடத்துவதில் உறுதியாக நின்றவர் வித்தியானந்தன். மாநாட்டின் முடிவில் நேர்ந்த உயிர்ப்பலிகள் நம் நினைவிலிருந்து நீங்காதவை. 1979இல் அவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். அங்கே அவர் பொறுப்பிலிருந்த ஆண்டுகள் போர் தொடங்கிய ஆண்டுகளும்கூட. 1985இல் பல்கலைக்கழக மாணவர்கள் 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனது அந்தக் காலத்தில்தான். 1989 ஜனவரியில் அவர் மறைந்தார்.

போருக்குப் பின் நம் பகுதிகளில் இளம் கலைஞர்களுக்கெனப் பயிற்சிப் பட்டறைகள் பல நடக்கின்றன. மூன்று நாள் பயிற்சி, ஒரு சான்றிதழ், ஒரு குழுப்படம். அதன்பின் அந்தப் பிள்ளை கடலுக்கோ கடைக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுகிறது. வித்தியானந்தன் ஒரே கூட்டத்து மாணவர்களோடு ஆண்டுக்கணக்கில் வேலை செய்தார். ஒரு நாடகத்தில் ஆடியவருக்கு அடுத்த நாடகத்தில் கூடுதல் பொறுப்புக் கிடைத்தது. பழகுவதற்கு ஒரு அண்ணாவியாரும், ஆடுவதற்கு ஒரு மேடையும், பார்ப்பதற்கு ஒரு சபையும் அந்தப் பிள்ளைகளுக்கு இருந்தன.

மன்னார் ஊர்களில் முதிய அண்ணாவிமார் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய பாட்டைக் கைபேசியில் பதிந்து வைப்பது நல்லதுதான். ஆனால் பதிவு மட்டும் ஒரு பிள்ளையை அண்ணாவியாராக்காது. அந்த முதியவருக்கு அருகில் ஓர் இளைஞனை இரண்டு, மூன்று திருநாள்கள் வரை உட்கார வைக்க வேண்டும். அதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், இருவருக்குமே. பங்கும் பாடசாலையும் பிரதேச செயலகமும் சேர்ந்தால் செய்யக்கூடிய வேலை இது. அச்சில் பிழைத்த மூன்று நாடகங்களும் கையில் இருக்கின்றன. அவற்றை எந்த மெட்டில் பாடுவது என்று தெரிந்தவர்கள் இருக்கும்போதே தொடங்க வேண்டும்.