இரத்தத்தின் வழியை அறிந்த இப்னுந் நஃபீஸ்

மூச்சு என்றதும் நமக்குக் காற்றுத்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் காற்று வந்து நிற்கும் இடத்துக்கு இரத்தமும் வந்து சேர்ந்தாலன்றி மூச்சினால் பயனில்லை. இன்று மருத்துவமனைகளில் நோயாளிக்குச் சுவாசமூட்டும் இயந்திரமும் காற்றை நுரையீரலுக்குள் தள்ளுவதோடு நின்றுவிடுகிறது. அதை ஏற்றுக்கொண்டு போக இரத்தம் அங்கே வந்தாக வேண்டும். இரத்தம் நுரையீரல் வழியாகச் சுற்றி வருகிறது என்பதை, நாம் அறிந்தவரை, முதன்முதலில் எழுதி வைத்தவர் அலாவுத்தீன் இப்னுந் நஃபீஸ் அவர்கள்.

இவர்கள் கி.பி. 1213-ல் டமாஸ்கஸ் அருகே பிறந்தார்கள். சுல்தான் நூருத்தீன் ஸங்கி அந்நகரில் கட்டிய நூரி மருத்துவமனையில், அத்தக்வார் என்ற பேராசிரியரிடம் வைத்தியம் கற்றார்கள். மருத்துவர்களின் வரலாற்றைப் பெருநூலாக எழுதிய இப்னு அபீ உஸைபிஆவும் அவரிடம் பயின்றவரே. ஆனால் அந்நூலின் வழக்கமான பிரதிகளில் இப்னுந் நஃபீஸைப் பற்றிய வரலாறு காணப்படவில்லை. காரணம் எதுவானாலும், இவர்களுக்குரிய வரவு கணக்கில் ஏறாமற் போனது அப்போதே தொடங்கிவிட்டது எனலாம்.

பின்னர் கெய்ரோ சென்று, மிஸ்ரு நாட்டின் தலைமை வைத்தியராக உயர்ந்தார்கள். வைத்தியத்தோடு நிற்கவில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் ஆழ்ந்த புலமை பெற்று, அந்நகரின் மஸ்ரூரிய்யா மதரஸாவில் பிக்ஹுப் பாடமும் நடத்தினார்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். இருதயத்தில் வலப்புறம் ஓர் அறை, இடப்புறம் ஓர் அறை, நடுவில் தடித்த சுவர். வலப்புறத்து இரத்தம் இடப்புறத்துக்கு எப்படிப் போகிறது? நடுச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் உண்டு, அவற்றின் வழியே கசிகிறது என்று கிரேக்க வைத்தியர் ஜாலீனூஸ் எழுதிவிட்டுப் போனார். மேனாட்டார் கேலன் என்பது இவரைத்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அதுவே வேதவாக்காக இருந்தது. வைத்திய உலகின் சக்கரவர்த்தியான இப்னு ஸீனாவும் இருதய விஷயத்தில் ஏறக்குறைய அவ்வழியே சென்றார்கள்.

அந்த இப்னு ஸீனாவின் கானூன் என்னும் நூலில் உடற்கூறு பற்றிய பகுதிகளுக்கு இப்னுந் நஃபீஸ் 1242-ல் விளக்கவுரை எழுதினார்கள். அப்போது வயது இருபத்தொன்பது. உரை எழுதப் புகுந்தவர் மூலத்தைப் புகழ்ந்துவிட்டுப் போவதே வழக்கம். இவர்களோ நடுச் சுவர் கெட்டியானது, அதில் கண்ணுக்குத் தெரியும் துவாரமும் இல்லை, தெரியாத துவாரமும் இல்லை என்று எழுதிவிட்டார்கள்!

வியாபாரிகளாகிய நமக்கு இது எளிதில் விளங்கும். கடையின் முன்னறையில் இறக்கிய சரக்கு பின்னறையில் இருக்கிறது. இடைச் சுவரிலோ வாசல் இல்லை. அப்படியானால் சரக்கு வெளியே போய்ச் சுற்றித்தானே வந்திருக்க வேண்டும்? இரத்தமும் வலது அறையிலிருந்து நுரையீரலுக்குச் சென்று, அங்கே பரவி, காற்றுடன் கலந்து, பிறகே இடது அறைக்கு வருகிறது என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். நுரையீரலில் போகும் குழாய்க்கும் வரும் குழாய்க்கும் இடையே நுண்ணிய வழிகள் இருக்க வேண்டும் என்றும் கூறினார்கள். நுரையீரலில் உள்ள அந்த மயிரிழைக் குழாய்களை மால்பீகி என்ற இத்தாலியர் பூதக்கண்ணாடியில் கண்டது 1661-ல்தான்.

உள்ளதைச் சொல்வதானால், பிராணவாயு என்ற ஒன்றை அக்காலத்தார் அறியார். காற்றும் இரத்தமும் சேர்ந்து உயிராவி உண்டாகிறது என்றே இவர்களும் எண்ணினார்கள். உடல் முழுவதுமான இரத்த ஓட்டத்தை 1628-ல் விளக்கிய பெருமை ஆங்கிலேயரான ஹார்விக்கே உரியது. ஆயினும் நுரையீரல் வழியைச் சொன்னதில் ஐரோப்பாவின் செர்வீட்டஸ் (1553), கொலம்போ (1559) ஆகிய இருவருக்கும் முந்நூறு ஆண்டுகள் முந்தியவர் இவர்களே. அவ்விருவரும் அரபு நூலிலிருந்து எடுத்தார்களா, தாமாகவே கண்டார்களா என்பதில் ஆராய்ச்சியாளர் இன்னும் ஒருமிக்கவில்லை. ஆதாரம் கையில் இல்லாமல் யார்மீதும் திருட்டுப் பழி போடுவது நமக்கு அழகல்ல.

இவர்களுடைய விளக்கவுரை நூலகங்களில் உறங்கிக் கிடந்தது. 1924-ல் முஹ்யித்தீன் அத்தத்தாவி என்ற எகிப்திய வைத்தியர், ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்கு ஆராய்ந்துகொண்டிருந்தபோது, பெர்லின் நூலகத்துக் கையெழுத்துப் பிரதியில் இப்பகுதியைக் கண்டு எழுதினார். மாக்ஸ் மேயர்ஹாஃப் என்ற கெய்ரோவில் வாழ்ந்த ஜெர்மானியக் கண் வைத்தியர் அதைப் பரிசீலித்து, 1930-களில் உலகறியச் செய்தார். ஒரு மாணவர் பழைய ஏடுகளைப் பொறுமையாகப் புரட்டியதால் வந்த பலன் இது.

இப்னுந் நஃபீஸ் அவர்களுக்கு எழுத்தின் மீதிருந்த வேகம் பற்றிப் பல செய்திகள் உண்டு. குளியலறையில் பாதிக் குளியலில் எழுந்து வந்து, நாடி பற்றிய ஒரு கட்டுரையை எழுதி முடித்துவிட்டு மீண்டும் குளிக்கச் சென்றார்களாம். முந்நூறு பாகமாகத் திட்டமிட்ட மருத்துவக் களஞ்சியத்தில் எண்பது பாகங்கள் முடித்ததாகக் கூறுவர்.

இறுதி நோயில், மருந்தாக மது அருந்தும்படி உடனிருந்த வைத்தியர்கள் சொன்னபோது, உடலில் மதுவுடன் இறைவனைச் சந்திக்க மாட்டேன் என மறுத்துவிட்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். 1288 டிசம்பரில், ஹிஜ்ரி 687-ல், கெய்ரோவில் காலமானார்கள். தம் வீட்டையும் நூல்கள் அனைத்தையும், சுல்தான் கலாவூன் 1284-ல் கட்டிய மன்சூரி மருத்துவமனைக்கே எழுதி வைத்தார்கள். அவ்வளாகத்தில் சுல்தானின் அடக்கத்தலமும் மதரஸாவும் இன்றும் நிற்கின்றன. மருத்துவமனையில் சில பகுதிகளே மிஞ்சியுள்ளன.