லயனல் வென்ட் (1900 – 1944)

இலங்கையின் நவீன ஓவியம் பற்றி வினா வந்தால் மாணவர்கள் ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தரணியகல முதலிய ஓவியர்களின் பெயர்களை உடனே எழுதிவிடுவர். இவர்களை ஒரு குழுவாக ஒன்றுசேர்த்தவர் யார் என்று கேட்டால் பலர் தடுமாறுவர். அவர் ஓவியர் அல்லர். பியானோ இசைக் கலைஞரும் புகைப்படக் கலைஞருமான லயனல் வென்ட் ஆவார்.

இளமையும் கல்வியும்

லயனல் வென்ட் 1900 டிசெம்பர் 3ஆம் திகதி கொழும்பில் வசதிபடைத்த பறங்கியர் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் உயர் நீதிமன்ற நீதியரசர். புகைப்படக்கலையிலும் ஈடுபாடு கொண்டவர். 1911இல் தந்தையாரையும் 1918இல் தாயாரையும் இழந்தார். 1919இல் இங்கிலாந்து சென்ற வென்ட், அங்கு சட்டத்துடன் பியானோவும் பயின்றார். 1924இல் நாடு திரும்பியபின் சட்டத்தொழிலை விரைவிலேயே கைவிட்டு இசையில் ஈடுபட்டார்.

புகைப்படக் கலைஞர்

1930களில் வென்ட் புகைப்படக்கலையில் முழுமூச்சாக இறங்கினார். கிராமத்து மக்கள், உழைப்பாளிகள், கண்டிய நடனக் கலைஞர்கள், இயற்கைக் காட்சிகள் என்பன அவர் படங்களின் கருப்பொருள்கள். பல படங்களை இணைத்து ஒரு படமாக்குதல் போன்ற புதிய உத்திகளையும் கையாண்டார். 1938இல் இலண்டனில் அவரது தனிநபர் கண்காட்சி நடைபெற்றது. பசில் றைற் 1934இல் இலங்கையில் படமாக்கிய ‘சோங் ஒப் சிலோன்’ ஆவணப்படத்துக்கு உதவியதுடன், அதில் றொபேட் நொக்ஸின் நூற்பகுதிகளை வாசித்த குரலும் வென்ட்டினுடையதே.

கலைஞர்களின் துணைவர்

அக்காலத்தில் ஓவியத்துறையில் செல்வாக்குப் பெற்றிருந்த அமைப்பு இலங்கைக் கலைச் சங்கம் ஆகும். பார்த்ததை அப்படியே வரையும் ஐரோப்பியப் பாணியையே அது பெரிதும் போற்றியது. கோடுகளையும் வர்ணங்களையும் புதிய முறையிற் கையாண்ட இளம் ஓவியர்கள் கேலிக்கு உள்ளாகினர். கண்காட்சியில் இடமும், வாங்குவோரும், பாராட்டுவோரும் இல்லாவிடின் ஓர் ஓவியன் எவ்வளவு காலம் தாக்குப்பிடிப்பான்?

இக்குறையை வென்ட் உணர்ந்தார். ஜோர்ஜ் கீற், ஜெப்றி பீலிங் ஆகியோரின் ஓவியங்களை ஆதரித்து எழுதினார். தம் செல்வத்தைக் கலைக்காகச் செலவிட்டார். அவருடைய இல்லம் கலைஞர்கள் கூடும் இடமாயிற்று. தம்மிடமிருந்த நூல்களையும் பிறருடன் பகிர்ந்துகொண்டார். சிலி நாட்டுக் கவிஞர் பப்லோ நெருடா தூதரக அலுவலராக வெள்ளவத்தையில் வாழ்ந்த காலத்தில், வென்ட் வாரந்தோறும் சைக்கிளில் ஆள்மூலம் புத்தக மூட்டை அனுப்பியதை நெருடா தம் நினைவுக் குறிப்புகளில் பதிவுசெய்துள்ளார்.

43ஆம் குழு

தனித்தனியே உதவுவது போதாது, ஓவியர்களுக்கென ஓர் அமைப்பு வேண்டும் என்ற எண்ணத்தின் விளைவே 43ஆம் குழு. இது 1943 ஓகஸ்ட் 29ஆம் திகதி வென்ட்டின் இல்லத்தில் உருவாகியது. ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தரணியகல, ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ், ஜோர்ஜ் கிளாசன், ஒப்ரி கொலட், றிச்சர்ட் கப்றியேல், ஜெப்றி பீலிங், மஞ்சுசிறி ஆகியோர் இதன் முக்கிய உறுப்பினர்கள். இவர்கள் எல்லோரும் ஒரே பாணியில் வரைந்தவர்கள் அல்லர். கீற்றின் ஓவியத்தையும் தரணியகலவின் ஓவியத்தையும் அருகருகே வைத்தால் வேறுபாடு தெளிவாகும். அவரவர் பாணியில் வரையும் சுதந்திரமே அவர்களை இணைத்தது. முதற் கண்காட்சி அதே ஆண்டு நவெம்பரில் கொழும்பில் இடம்பெற்றது.

மறைவும் நிலைபேறும்

1944 டிசெம்பர் 19ஆம் திகதி, தமது 44ஆவது வயதில் வென்ட் மாரடைப்பால் மறைந்தார். குழு தோன்றி அப்போது ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. அவரது புகைப்பட நெகரிவுகளும் பின்னர் அழிக்கப்பட்டன. எஞ்சியவை அச்சிட்ட படங்களே. ஆயினும் அவர் சேர்த்துவைத்த குழு கலைந்துவிடவில்லை. ஹரி பீரிஸ் முதலியோர் அதனைத் தொடர்ந்து நடத்தினர். 1952இல் இலண்டனிலும் 1953இல் பரிசிலும் 1956இல் வெனிசிலும் குழுவின் ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. வென்ட்டின் வீடு இருந்த காணியில் 1953இல் லயனல் வென்ட் அரங்கு திறக்கப்பட்டது.

ஒருவர் மறைந்தபின்னும் அவர் தொடங்கிய பணி நடைபெறுமாயின், அதுவே அவர் அமைத்த அத்திவாரத்தின் உறுதிக்குச் சான்று. விடையெழுதும்போது வென்ட்டை ‘செல்வந்தர்’ என்று மட்டும் குறிப்பிட்டு நிறுத்தாதீர்கள். கலைஞர்களுக்கு இடம், ஆதரவு, ஒற்றுமை ஆகிய மூன்றையும் அளித்தவர் என விளக்குங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. 43ஆம் குழு தோன்றிய இடம், திகதி என்பவற்றைத் தருக.
2. இக்குழு தோன்றுவதற்கான காரணங்கள் இரண்டு கூறுக.
3. ஓவியர் அல்லாத வென்ட், இலங்கையின் நவீன ஓவியத்துக்கு ஆற்றிய பணியை விளக்குக.