வால்சந்த் சேட்டும் விமான ஆலையும்

தாம்பரம், சேலையூர் வாசிகள் தலைக்கு மேல் பயிற்சி விமானங்கள் வட்டமிடுவதைக் கண்டு பழகியவர்கள். விமானப் படைக்குப் பயிற்சியாசிரியர்களைத் தயாரிக்கும் பள்ளி 1954 முதல் அங்கு நடந்து வருகிறது. எச்.டி.2, கிரண் முதலிய பெங்களூர் விமானங்கள் அங்கு பல்லாண்டு பறந்தன. அவற்றைச் செய்த ஆலைக்கு வித்திட்டவர் சர்க்கார் உத்தியோகஸ்தரல்லர், ஒரு கண்டிராக்டர்.

ஸ்ரீ வால்சந்த் ஹீராசந்த் 1882-ம் வருஷம் ஷோலாப்பூரில் ஜைன வர்த்தகக் குடும்பத்தில் பிறந்தார். ரயில் பாதை வேலைகளை எடுத்துப் பொருளீட்டினார். 1919-ல் நண்பர்களுடன் சிந்தியா கப்பல் கம்பெனியை ஸ்தாபித்து, வெள்ளையர் கம்பெனிகளின் கட்டணப் போட்டியைத் தாங்கி நின்றார். அக்கதை தனியே எழுதத் தக்கது.

1939-ல் பிரயாணமொன்றில் அமெரிக்கரான வில்லியம் பாலியைச் சந்தித்தது முதல் விமான ஆலை எண்ணம் அவரை விடவில்லை. ஆனால் போர் விமானத்தை வாங்குபவர் சர்க்கார் ஒருவரே. அவர் ஆர்டர் தராவிடில் யார்தான் முதல் போடுவர்? சேட் ஆர்டரை முன்கூட்டிக் கேட்டதைப் பேராசை என்பாருண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. முதலில் தயங்கிய சர்க்கார், 1940-ல் பிரான்ஸ் வீழ்ந்த பின் இசைந்தது. மைசூர் திவான் ஸர் மிர்ஜா இஸ்மாயில் துணை நின்றார். அவ்வருஷம் டிசம்பர் 23-ல் 4 கோடி ரூபாய் அனுமதி மூலதனத்துடன் ஹிந்துஸ்தான் விமானக் கம்பெனி பதிவாயிற்று. ஹார்லோ, கர்ட்டிஸ், வல்ட்டி விமானங்களுக்கு ஆர்டர் கிடைத்தது. முதல் ஹார்லோ 1941-லேயே பறந்தது. அவ்வருஷமே இந்திய சர்க்கார் மூன்றிலொரு பங்கு எடுத்துக் கொண்டது.

1942 ஏப்ரலில் ஜப்பானியர் பயத்தால் சென்னையே காலியாகிக் கொண்டிருந்தது. அம்மாதம் சேட்டின் பங்குகளை சர்க்கார் விலைக்கு வாங்கிவிட்டது. மைசூர் தன் பங்கை விற்க மறுத்தது. ஆயினும் நிர்வாகத்தை விட்டுக் கொடுத்தது. யுத்த காலத்தில் இது தவிர்க்க முடியாததாயிருக்கலாம். ஆனால் துணிந்து முதல் போட்டவர் பதினாறு மாதத்தில் வெளியேற நேர்ந்ததை முதலாளிகள் மறந்திருப்பார்களா?

சேட் 1953-ல் காலமானார். சுதந்திரத்திற்குப் பின் 1948, 1956-ம் வருஷக் கைத்தொழில் கொள்கைகள் ஆயுத உற்பத்தியை ராஜாங்கத்திற்கே ஒதுக்கின. தனியாருக்குக் கதவு திறந்தது 2001-ல்தான். 2020-ம் வருஷக் கொள்முதல் விதிகளோ, சிலவகை ஆயுதங்களின் மாதிரி செய்யும் செலவில் 70 சதவிகிதம் வரை சர்க்கார் கொடுக்க இடந்தருகின்றன. நல்லதே. மாதிரி தேறிய பின் எத்தனை உருப்படி வாங்கப்படும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டுமென்பது நம் அபிப்பிராயம். 1940-ல் சேட் கேட்டதும் அதுவே.