வண்ணம் பெறாத வேந்தன்

இமயமலைச் சாரலிலுள்ள குலேர் நாட்டிலே, ஓவியர் பண்டித சேவுவின் இளைய மைந்தராக 1710ஆம் ஆண்டளவிற் பிறந்தவர் நைன்சுக். தமையன் மானகுவும் ஓவியரே.

அரசரைக் கொலுவிருத்தி வரைதல் அக்கால மரபு. நைன்சுக்கோ, தம்மை ஆதரித்த ஜஸ்ரோட்டா பல்வந்த் சிங் தாடி திருத்துவிப்பதையும், கூடாரத்திலே தனித்திருந்து எழுதுவதையும் வரைந்தார். அவ்வரசனைப் பற்றிய படங்களுட் பல முற்றுப்பெறாதவை. கோடும் மெல்லிய சாயமுமே உள. அதனைக் குறையென்பாரும் உளர். பொன்னும் வண்ணமும் மூடாத அவ்விடத்தன்றோ மனிதன் தெரிகின்றான்!

1763இல் அரசன் இறந்தான். அவன் அஸ்தியுடன் ஹரித்துவாரஞ் சென்ற நைன்சுக், அங்குள்ள பண்டாவின் ஏட்டிலே தம் கைப்பட எழுதிச் சித்திரமொன்றும் தீட்டினார். பின்னர்ப் பசோலி அரசன் அம்ரித் பாலைச் சார்ந்து, 1778இல் மறைந்தார். பழைய தலைவனின் படங்களோ குறையாகவே நின்றன.