வள்ளல் பச்சையப்பரும் அறத்தின் காவலும்

திருப்பணிக்கும் குடமுழுக்கிற்கும் பொருளுதவி புரிந்த மெய்யன்பர்களின் கரங்களில் இம்மலர் தவழும் இவ்வேளையில், தாம் ஈட்டிய பொருளை இறைவன் திருவடிக்கே உரிமையாக்கிச் சென்ற ஒரு பெருஞ்செல்வரின் வரலாற்றை நினைவுகூர்தல் நலமாகும். அவரே வள்ளல் பச்சையப்ப முதலியார்.

1754 ஆம் ஆண்டில் தோன்றிய இவர், தந்தையின் முகம் காணும் பேறு பெறாதவர். காஞ்சியைச் சேர்ந்த விசுவநாத முதலியார், தம் மனைவி பூச்சியம்மாள் கருவுற்றிருந்தபோதே இறைவனடி சேர்ந்தார். ஆதரவிழந்த அன்னை பெரியபாளையம் சென்று வாழ்ந்தார்; பின்னர்ச் சென்னையில் நாராயண பிள்ளை என்னும் நல்லாரின் அரவணைப்பைப் பெற்றார். பெரியபாளையத்தில் பிறந்த பச்சையப்பருக்குத் தந்தையின் இடத்தில் நின்று கல்வியும் தொழிலும் அளித்தவர் நாராயண பிள்ளையே.

இளமையிலேயே பச்சையப்பர் சென்னையில் துபாஷித் தொழிலில் புகுந்தார். இரு மொழி அறிந்தவர் என்பது துபாஷி என்னும் சொல்லின் பொருளாயினும், அவர்தம் பணி மொழிபெயர்ப்போடு நின்றதன்று. ஆங்கில வணிகருக்குச் சரக்கு தேடுதல், விலை பேசுதல், பிறருக்காகப் பிணை நிற்றல், கடன் கொடுத்து வாங்குதல் ஆகிய அனைத்தும் அவர் கையில் இருந்தன. ஒருவருடைய சொல்லை நம்பியே பொருள் கைமாறிய காலம் அது. சலிவன் என்னும் ஆங்கில அதிகாரியிடம் துபாஷியாக இருந்து பெருஞ்செல்வாக்குப் பெற்றார். பின்னர்த் தஞ்சை அரசு கும்பினியாருக்குச் செலுத்த வேண்டிய பணத்திற்கு முன்பணம் உதவும் பெருந்தொழிலிலும் ஈடுபட்டார். ஐதர் அலியின் படையெடுப்பால் நாடு அல்லலுற்ற காலத்தில் அத்தகைய முதலீடு பேராபத்து நிறைந்தது. வரவேண்டிய வரி வாராவிடின் கொடுத்தவர் கைப்பொருளும் போகும்.

செல்வம் பெருகிய நாளிலும் அவர் வழிபாடு குன்றவில்லை. கோமளீசுவரன்பேட்டையில் வாழ்ந்தபோது, அந்நாளில் தெளிந்தோடிய கூவம் ஆற்றில் நீராடிக் கோமளீசுவரரைத் தொழுவது அவர் வழக்கம். காஞ்சியிலும் தில்லையிலும் அறங்கள் பல புரிந்தார். தில்லைக் கிழக்குக் கோபுரத் திருப்பணியில் அவர் குடும்பத்தாருக்கும் பங்குண்டு.

இல்வாழ்க்கையில் அவருக்குக் கிட்டிய அமைதி குறைவு. தமக்கையின் மகளை மணந்த அவர், பின்னர் இரண்டாம் மனைவியையும் கொண்டார். இருவருக்குமிடையே எழுந்த பூசல் அவர் உள்ளத்தை வருத்தியதாக வரலாற்றாசிரியர் கூறுவர். குடும்பத்தை நிலைநிறுத்த ஆண்மகவும் இல்லை. கணக்கெழுதி வெல்ல முடியாத துயரங்கள் செல்வர்க்கும் உண்டென்பதற்கு அவர் வாழ்வே சான்று.

நாற்பது வயது நிரம்பும் தருவாயில், 1794 மார்ச்சு 31 ஆம் நாள், காவிரிக் கரையிலுள்ள திருவையாற்றில் அவர் உயிர் நீத்தார். அதற்குச் சில நாட்களுக்கு முன்னர் உயில் ஒன்று எழுதுவித்து, தம் செல்வம் கோயில் வழிபாட்டிற்கும் அறப்பணிகளுக்கும் பயன்பட வேண்டுமென விதித்து, அதை நிறைவேற்றும் பொறுப்பைத் தம்மை வளர்த்த நாராயண பிள்ளையிடமே ஒப்படைத்தார்.

ஆயினும் உயில் எழுதியதோடு அறம் நிறைவெய்திவிடவில்லை. உறவினரும் உரிமை கோரியோரும் வழக்குத் தொடுத்தனர். பொறுப்பேற்றவரும் காலப்போக்கில் மறைந்தார். வள்ளல் கருதிய அறங்கள் ஆண்டுக்கணக்கில் தேங்கி நின்றன. இறுதியில் சென்னை அரசின் தலைமை வழக்கறிஞராயிருந்த ஜார்ஜ் நார்ட்டன் இதனைக் கையிலெடுத்து, உயிலின் கருத்து அழியாமல் காக்க உழைத்தார். நீதிமன்றத் தீர்ப்பின்படி ஒரு லட்சம் வராகன், அதாவது ஏறத்தாழ மூன்றரை லட்சம் ரூபாய், சமய அறங்களுக்கென ஒதுக்கப்பட்டது. வட்டியால் வளர்ந்து எஞ்சிய நாலரை லட்சம் ரூபாய் அளவினதான தொகை கல்விக்கு உரியதாயிற்று.

அப்பொருளைக் கொண்டு 1842 இல் சென்னையில் பச்சையப்பன் பாடசாலை தோன்றியது. 1850 இல் பச்சையப்பன் மண்டபம் திறக்கப்பட்டது. பள்ளி வளர்ந்து கல்லூரியாயிற்று. கணித மேதை சீனிவாச இராமானுஜன் அங்கே பயின்றார். பின்னாளில் முதலமைச்சரான அண்ணாதுரையும் அங்கே பயின்றார். தந்தையின்றிப் பிறந்த ஒருவரின் பொருள், பிறர் பிள்ளைகள் பல்லாயிரவருக்குக் கல்வித் தந்தையாயிற்று.

இவ்வரலாறு கொடையாளர்க்கும் அறங்காவலர்க்கும் உணர்த்துவது யாது? வள்ளலின் ஈகை பெரிது. அவர் எழுத்தில் பதித்துச் சென்றமையால்தான் அது அழியாது நின்றது. எனினும் காப்போர் ஒருவரையே நம்பியமையால், அப்பொருள் பயன்படுவதற்கு அரை நூற்றாண்டு காலம் காத்திருக்க நேர்ந்தது. அவ்விடைக்காலத்தில் ஏற்றப்படாத விளக்குகள் எத்தனை! ஊட்டப்படாத அன்னம் எத்தனை! ஆதலின் கோபுரம் எழுப்புவோர், நித்திய பூசைக்குரிய முதலையும், அதன் வருவாயையும், அதனைக் காக்கும் பலரையும், ஆண்டுதோறும் பலரறியப் படிக்கும் கணக்கையும் சேர்த்தே எழுப்புதல் வேண்டும். கலசத்தில் ஊற்றிய நீர் ஒரு நாளில் வழிந்தோடும். ஒழுங்குபட வைத்த அறமோ தலைமுறை கடந்தும் சுரக்கும்.

இத்திருக்கோயிலின் விளக்குகள் என்றும் அணையாதிருக்க இறைவன் திருவருள் துணை செய்க! வள்ளல் பச்சையப்பர் புகழ் வாழ்க!